காது மெஷின் பேட்டரி

உங்கள் வீட்டில் ஒரு பழைய கேமரா இருக்கிறது. இல்லை என்று சொல்வதற்கு முன் பரணில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். பித்தளை அண்டாவுக்குப் பின்னால், இல்லாவிட்டால் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில், பழுப்புத் தோல் உறைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். அப்பாவோ, பெரியப்பாவோ, சிங்கப்பூர் போய்வந்த யாரோ ஒரு சித்தப்பாவோ வாங்கியது. உங்களுக்கு மொட்டை போட்டு, சந்தனம் தடவி, அழவிட்டு எடுத்த போட்டோ அதில்தான் எடுத்திருப்பார்கள்.

சில வருஷங்களாக இந்தக் கேமராக்கள் பரணைவிட்டு இறங்கிக்கொண்டிருக்கின்றன. இறக்குவது இருபது வயதுப் பிள்ளைகள். போனில் நிமிஷத்துக்கு நூறு படம் எடுக்க முடிகிற தலைமுறைக்கு, 36 படத்தோடு தீர்ந்துபோகிற ஒரு சமாசாரத்தின்மேல் திடீர் மோகம். நல்லதுதான். எடுத்துத் துடைத்து ஷட்டரை அழுத்திப் பார்க்கிறார்கள். 'டிக்' என்று சுத்தமாக விழுகிறது. ஐம்பது வருஷத்துக்கு அப்புறமும்! சந்தோஷமாக அடிப்பக்கத்தைத் திருப்பினால், நாலணா அளவில் ஒரு மூடி. காசை வைத்துத் திருகித் திறந்தால், உள்ளே பச்சை பூத்த ஒரு பொத்தான் பேட்டரி.

இதற்கு மாற்று எங்கே கிடைக்கும்? கடையில் கேட்டால், "அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்" என்பார்கள். அல்லது, இது இன்னும் ஆபத்து, "இருக்கே!" என்பார்கள்.

ஒரு கடைக்காரர் "இருக்கே" என்று சொன்னதால், என் தாய்மாமா மூன்று வருஷம் போட்டோ எடுக்காமல் இருந்தார்.

மாமாவுக்கு உறையூர். மின்வாரியத்தில் 33 வருஷ சர்வீஸ். 11,000 வோல்ட்டோடு குடித்தனம் நடத்திவிட்டு, உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லாமல் ரிட்டயர் ஆனவர். 1974-ல் ஒரு சிநேகிதர் மூலம் சிங்கப்பூரிலிருந்து ஒரு கேனன் கேமரா வரவழைத்தார். பெயர் கேனனெட் கியூ.எல். 17, மூன்றாம் அவதாரம். 1972-ல் ஜப்பானில் வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும். லென்ஸ் 40 மி.மீ., எஃப் 1.7. கல்யாண மண்டபத்து டியூப்லைட் வெளிச்சத்திலும் ஃப்ளாஷ் இல்லாமல் சமாளிக்கும். ஷட்டர் வேகத்தை நாம் வைத்தால் போதும், லென்ஸ் எவ்வளவு திறக்கவேண்டும் என்பதை அதுவே முடிவு பண்ணிக்கொள்ளும். அந்தக் காலத்துக்கு இது பெரிய சாமர்த்தியம்.

ஊட்டியில் தயாரான 'இந்து' கறுப்பு-வெள்ளை ஃபிலிம் போட்டு, ஒரு ரோலை ஆறு மாதம் வைத்திருப்பார். கஞ்சத்தனம் என்று அத்தை சொல்வார். நிதானம் என்று மாமா சொல்வார். எது எப்படியோ, எங்கள் குடும்பத்தில் 1974-க்கும் 1995-க்கும் நடுவே பிறந்த எல்லாக் குழந்தைகளும் அந்த லென்ஸுக்கு முன்னால் ஒரு தடவையாவது வீறிட்டு அழுதிருக்கின்றன. நான் உள்பட.

அப்புறம் டிஜிட்டல் வந்தது, கேனனெட் பீரோவுக்குள் போனது. 2022-ல் மாமாவுக்கு சதாபிஷேகம். பேரன் ஒரு யோசனை சொன்னான்: "தாத்தா, உங்க கேமராவுலயே நீங்களே எடுங்க." புது ஃபிலிம் வாங்கிவந்தான். பேட்டரிக்கு ஒரு கடை. கடையின் பெயர் வேண்டாம், அந்த மனிதர் தெரிந்து செய்யவில்லை. பழைய பேட்டரியில் 625 என்று போட்டிருந்தது. அவர் கொடுத்ததிலும் 625 என்றுதான் போட்டிருந்தது, பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு 'ஏ'. அளவு கச்சிதம். மூடி சரியாக மூடியது. கேமராவில் பேட்டரி செக் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்தது. வேறென்ன வேண்டும்?

எண்பது வயது மாப்பிள்ளை, கழுத்தில் மாலையோடு, தன் விசேஷத்துக்குத் தானே போட்டோகிராபராக மாடிக்கும் கீழுக்கும் நடந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. ஃபிலிம் சென்னைக்குப் போய்க் கழுவி ஸ்கேன் ஆகி வந்தது. 36 படமும் இருட்டு. புகை மூட்டத்தில் எடுத்த மாதிரி, மண் நிறத்தில், புள்ளி புள்ளியாக. பட்டுப்புடவை எது, நிழல் எது என்று தெரியவில்லை.

"காது போச்சு. இப்ப கண்ணும் கையும் போச்சு" என்று சொல்லிவிட்டு மாமா கேமராவை உறையில் போட்டுப் பீரோவைப் பூட்டினார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதற்கப்புறம் எந்த விசேஷத்திலும், யாராவது போனை நீட்டி "ஒரு கிளிக் மாமா" என்றால்கூட, "கை ஆடும்ப்பா, வேற யாரையாவது கேளு" என்று விலகிப் போய்விடுவார். குடும்பத்துக்கே ஐம்பது வருஷமாக ஆல்பம் போட்டுக் கொடுத்த மனுஷன் குரூப் போட்டோவின் ஓரத்தில் போய் நிற்க ஆரம்பித்தார்.

போன வருஷம் உறையூர் போயிருந்தபோது அந்த நெகடிவ் என் கையில் கிடைத்தது. ஸ்கேனைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. விஷயம் தெரியவேண்டுமென்றால் நெகடிவைத்தான் பார்க்கவேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வெளிறிப்போய், கிட்டத்தட்ட வெற்று ஃபிலிம் மாதிரி இருந்தது. நெகடிவ் இப்படி இருந்தால் ஃபிலிமுக்கு வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். ஒன்றிரண்டு அல்ல, 36-ம் ஒரே மாதிரி. கை ஆடினால் படம் இழுபடும். கண் போனால் ஃபோகஸ் தவறும். அத்தையின் பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாலையில் ஜரிகை தனித்தனியாகத் தெரிகிறது. புரோகிதர் காதில் கடுக்கன் ஊசி மாதிரி ஷார்ப். இது நடுங்குகிற கை எடுத்த படமா?

கேமராவைத் திருப்பி மூடியைத் திறந்தேன். பொடி எழுத்தில் அந்த 'ஏ' தெரிந்தது.

இனி கொஞ்சம் பாதரசக் கதை. பொறுமையாகக் கேளுங்கள், மாமாவின் கையும் கண்ணும் இதில்தான் மாட்டியிருக்கின்றன.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்கப் படைக்கு ஒரு தலைவலி. பசிபிக் தீவுகளின் வெக்கையிலும் ஈரத்திலும் சாதாரண பேட்டரிகள் சீக்கிரமே செத்துப்போயின. சாமுவேல் ரூபன் என்பவர் துத்தநாகத்தையும் பாதரச ஆக்ஸைடையும் சேர்த்து ஒரு பேட்டரி செய்துகொடுத்தார். சின்ன உருவம், நீண்ட ஆயுள். அதைவிட முக்கியம், அதன் குணம். சாதாரண பேட்டரி புதிதில் துள்ளும், நாளாக ஆகச் சோர்ந்துகொண்டே போகும். உங்கள் வீட்டு டார்ச்சைப் பாருங்கள். பாதரச பேட்டரி அப்படியில்லை. முதல் நாளும் 1.35 வோல்ட், கடைசி நாளுக்கு முந்தின நாளும் ஏறக்குறைய 1.35 வோல்ட். சாகும்போது ஒரேயடியாகச் சாகும்.

போர் முடிந்ததும் இது காது மெஷினுக்குள் போனது. பிறகு கைக்கடிகாரம். முதல் பேஸ்மேக்கர்களில் சிலவற்றுக்குள்ளும் இதுதான். 1960-களில் கேமராக்காரர்கள் கண்டுகொண்டார்கள். அவர்களுக்கு வெளிச்சத்தை அளக்க ஒரு மீட்டர் வேண்டும். கேனனெட்டின் லென்ஸ் வளையத்தில் மேலே ஒரு குட்டிக் கண் இருக்கும், உள்ளே காட்மியம் சல்ஃபைடு. வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறையும், பேட்டரியிலிருந்து அதிக மின்சாரம் ஓடும், ஒரு முள் நகரும். முள் எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப லென்ஸ் திறக்கும். வெளிச்சம் ஜாஸ்தி என்றால் சின்னத் துவாரம், கம்மி என்றால் பெரிய துவாரம்.

இதில் வோல்ட் கூடக் குறைய இருந்தால் அளவு தப்பிவிடும். அதைச் சரிக்கட்ட ஒரு தனி சர்க்யூட் வைத்திருக்கலாம். எதற்கு வைக்கவேண்டும்? பேட்டரியே அரிச்சந்திரன் மாதிரி 1.35-ல் நிற்கிறதே! வைக்கவில்லை. அதாவது, அந்த பேட்டரி கேமராவுக்குச் சாப்பாடு மட்டுமில்லை, எடைக்கல்லும் அதுதான்.

அந்த எடைக்கல்லுக்குப் பதில் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால்? வித்தியாசம் 0.15 வோல்ட். 11,000 வோல்ட் பார்த்த மனுஷனுக்கு இது கொசு. ஆனால் கேமராவுக்கு அது போதும். முள் கூடுதலாக நகர்கிறது. 'அடேயப்பா, நல்ல வெயில்' என்று கேமரா நினைத்துக்கொண்டு லென்ஸைச் சுருக்குகிறது. படம் இருட்டு. செக் பட்டனில் விளக்கு எரிந்ததே என்பீர்கள். அது மின்சாரம் இருக்கிறதா என்றுதான் சொல்லும், அதிகமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாது.

சரி, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பாதரச பேட்டரியை ஏன் நிறுத்தினார்கள்? பழைய கேமராப் பிரியர்கள் இதைப் பற்றிப் பேசும்போது ஏதோ அநியாயம் நடந்துவிட்ட தொனியில் பேசுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பொத்தான் அளவு பேட்டரியின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பாதரசம். தீர்ந்ததும் நாம் என்ன செய்தோம்? குப்பையில் போட்டோம். குப்பை எரிந்தது, மழையில் நனைந்தது, குளத்துக்குப் போனது, மீனுக்குள் போனது.

மீனுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை உலகம் தெரிந்துகொண்டது ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில். அங்கே பேட்டரி இல்லை, ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவு. முதலில் பூனைகள் வலிப்பு வந்து செத்தன. 1956-ல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. நரம்பு முறுக்கிக்கொண்டு, பேச்சும் பார்வையும் போய், கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். 1971-ல் யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் மனைவி ஐலீனோடு அங்கே போய்த் தங்கி, வருஷக்கணக்கில் அந்த மக்களைப் படமெடுத்தார். 1972-ல் அந்தக் கம்பெனி ஆட்களிடம் அடி வாங்கிப் பார்வை பாதிக்கப்பட்டது. அப்படியும் விடவில்லை. அவர் கையில் இருந்தது மினோல்டா எஸ்.ஆர்.டி. 101. அதன் அடியில் இருக்கும் மூடியைத் திருகித் திறந்தால் உள்ளே இருக்கவேண்டியது, நம் கேனனெட்டில் இருந்த அதே 625. பாதரசம்! பாதரசத்தின் கொடுமையை உலகுக்குக் காட்டிய கேமராவின் மீட்டரே பாதரசத்தில் ஓடுகிற வகை.

ஜப்பான் தூரம் என்று நினைத்தால் கொடைக்கானலை நினைத்துக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு, ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது 2001-ல் வெளிச்சத்துக்கு வந்து, ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களுக்கு ஒரு உடன்பாடு கிடைப்பதற்கு 2016 ஆனது.

அமெரிக்கா 1996-ல் சட்டம் போட்டது. ஐரோப்பா 2000-த்தோடு நிறுத்தியது. 2013-ல் உலக நாடுகள் கூடிச் செய்த பாதரச ஒப்பந்தத்துக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள், மினமாட்டா ஒப்பந்தம். இந்தியா 2018-ல் அதை அங்கீகரித்தது. அதனால் இணையத்தில் எங்காவது 'ஒரிஜினல் பழைய ஸ்டாக் 625' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஒரு போட்டோவுக்காக அது வேண்டாம். தவிர, அவ்வளவு பழையதில் உயிர் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

வேறு வழி என்ன? இருக்கிறது, நாலைந்து.

உங்களுடையது ஆசாகி பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்காக இருந்தால் கவலையே படவேண்டாம். அதன் மீட்டர் ஸ்பிரிங் தராசு இல்லை, இரண்டு தட்டு வைத்த தராசு மாதிரி. வோல்ட் ஏறினால் இரண்டு தட்டும் சேர்ந்து ஏறும், முள் நடுவில் அசையாமல் நிற்கும். இன்றைய 1.55 வோல்ட் சில்வர் பேட்டரி அதற்குப் போதும். அறுபது வருஷத்துக்கு முன் அந்த சர்க்யூட்டைப் போட்ட எஞ்சினீயருக்கு ஒரு கும்பிடு. ஒலிம்பஸ் ட்ரிப் 35 வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தையே தாண்டிப் போகலாம். அதற்கு பேட்டரி கிடையாது. லென்ஸைச் சுற்றிக் கண்ணாடி மணிகள் மாதிரி இருக்கிறதே, அது வெளிச்சத்திலிருந்து தானே மின்சாரம் செய்துகொள்ளும் செலினியம். யாஷிகா எலெக்ட்ரோ 35-க்கு 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. இப்போது கிடைக்கிற 6 வோல்ட் 4 எல்.ஆர். 44 உயரத்திலும் பருமனிலும் சின்னது. அட்டையைச் சுருட்டி, ஒரு ஸ்பிரிங் வைத்து நிரப்பிவிட்டால் சந்தோஷமாக ஓடும். அந்த வித்தியாசத்தை அது பொருட்படுத்துவதில்லை.

பொருட்படுத்துகிற ஜாதிதான் கேனனெட், மினோல்டா எஸ்.ஆர்.டி., ஒலிம்பஸ் ஓ.எம். 1, ஸ்டூடியோக்காரர்கள் கழுத்தில் தொங்கிய யாஷிகா மேட் 124 ஜி எல்லாம்.

சிலர் சொல்லும் குறுக்குவழி: அல்கலைனையே போட்டு, 200 ஃபிலிமுக்கு டயலில் 100 என்று வைத்துக் கேமராவை ஏமாற்றுவது. முதல் வாரம் சரியாக வரலாம். ஆனால் அல்கலைன்தான் நாளுக்கு நாள் சோர்கிறதே! இன்றைக்கு 1.5, தீபாவளிக்கு 1.4, பொங்கலுக்கு 1.3. எந்தத் தேதியில் எவ்வளவு ஏமாற்றுவது என்று பஞ்சாங்கம் போட்டு வைக்கமுடியுமா? போதாததற்கு, தப்பு எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவாக இருக்காது. வெயிலில் ஒன்று, கூடத்தில் ஒன்று.

சில்வர் பேட்டரி அப்படிச் சோராது. கடைசிவரை 1.55-ல் நிற்கும். அதிகப்படியாக இருக்கும் 0.2 வோல்ட்டை மட்டும் வழியில் யாராவது தின்றுவிட்டால் தேவலை. ஷாட்கி டயோடு என்று ஒன்று இருக்கிறது, கிட்டத்தட்ட அந்த அளவைத்தான் தின்னும். சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். கேமராவின் அடித்தட்டைக் கழற்றி, பேட்டரி ஒயரில் அதை வைத்து ஈயம் பற்றவேண்டும். இந்த டயோடையே உள்ளே வைத்து, 625 வடிவத்திலேயே ஒரு பித்தளைக் கிண்ணம் ஜப்பானில் செய்து விற்கிறார்கள். உள்ளே சின்ன சில்வர் பேட்டரியைப் போட்டுக்கொள்ளலாம். நல்ல சரக்கு, ஆனால் விலை கேட்டால் பாதிக் கேமரா விலை.

மாமாவிடம் டயோடு யோசனையைச் சொன்னேன். காதில் மெஷினைச் சரிசெய்துகொண்டு முழுக்கக் கேட்டார். மின்வாரியத்துக்காரர் இல்லையா, ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டு சொன்னார்: "மாப்ளே, வேணும்னா என் வயித்தைக் கிழிச்சுப் பாரு. அதுக்குள்ள சால்டரிங் அயர்ன் வைக்காதே."

சொல்லும்போதே மெஷின் 'பீப் பீப்' என்றது. பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். "இதுவேற உசுரை வாங்குது" என்று மேஜை டிராயரைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தார். ஆறு பொத்தான்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் நீல ஸ்டிக்கர்.

நான் கடைசியாக வைத்திருந்த வழி அதுதான். டிராயரிலேயே இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

நீல ஸ்டிக்கர் என்றால் 675 நம்பர். துத்தநாகமும் காற்றும் சேர்ந்து மின்சாரம் தரும் பேட்டரி. ஸ்டிக்கரை உரித்தால் அடியில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும், அது வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு விழிக்கும். வோல்ட் 1.4. வேலை செய்யும்போது அதிலும் ஒரு மயிரிழை இறங்கும். பாதரசத்துக்கு இதைவிட நெருக்கமாக வேறு எதுவும் இல்லை, அதன் மாதிரியே கடைசிவரை நிலையாகவும் நிற்கும். இது தற்செயல் இல்லை. ஒரு காலத்தில் காது மெஷினும் பாதரசத்தில்தான் ஓடியது. 1970-களில் காது மெஷினுக்கென்று வந்த மாற்றுதான் இது. கேமராவும் காது மெஷினும் ஒரு வகையில் பங்காளிகள்.

அளவுதான் சின்னது. 625-ன் விட்டம் சுமார் 16 மி.மீ., இது 11.6. குழிக்குள் போட்டால் உருளும். பிளம்பிங் சாமான் கடையில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரப்பர் ஓ-ரிங் ஒன்று, இரண்டு ரூபாய். பேட்டரியின் இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி மாட்டியதும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு எச்சரிக்கை. துளைகளை எதுவும் அடைக்கக்கூடாது, அடைத்தால் மூச்சு நின்றுவிடும். சில கேமராக்கள் பேட்டரியின் பக்கவாட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும், அங்கே ரப்பர் உதவாது, பித்தளை வளையம்தான்.

ஆயுள்? இதுதான் குறை. ஸ்டிக்கரை உரித்த கணத்திலிருந்து, நீங்கள் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், உள்ளே காய ஆரம்பித்துவிடும். சில வாரம், அதிகம் போனால் இரண்டு மூன்று மாதம். ஒரு ரோலை ஆறு மாதம் வைத்திருக்கும் மாமாவுக்கு இது பொருந்தாது என்று அத்தை உடனே கண்டுபிடித்துச் சொன்னார்.

ஃபிலிமை வீணாக்காமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. என் மகளின் டிஜிட்டல் கேமராவையும் கேனனெட்டையும் ஒரே வேகத்தில், 500-ல், இரண்டையும் 200 ஐ.எஸ்.ஓ.வில் வைத்து, காலை வெயில் பட்ட எதிர்வீட்டு சிமெண்ட் மதிலைப் பார்த்தோம். டிஜிட்டல் சொன்னது எஃப் 8. கடைக்காரர் கொடுத்த அதே வகை புது பேட்டரியைப் போட்டால் கேனனெட்டின் முள் 11-ஐத் தாண்டி நின்றது. ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது பாதி வெளிச்சத்துக்கும் குறைவு. அதை எடுத்துவிட்டுக் காது மெஷின் பேட்டரி. முள் பின்னால் வந்து 8-ஐ ஒட்டி நின்றது.

கேமராவை மாமாவிடம் கொடுத்தேன். அவரே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார், நாலு தடவை. அப்புறம் நெகடிவைக் கேட்டார். ஜன்னலோரம் போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நான் அந்தக் கடுக்கனைக் காட்டினேன்.

"ஷார்ப்பா இருக்கு" என்றார்.

"எல்லாமே ஷார்ப்பாத்தான் இருக்கு மாமா. உங்க கையும் சரி, கண்ணும் சரி. வோல்ட்டுதான் கூட."

"எவ்வளவு?"

"பாயிண்ட் ஒன்னு அஞ்சு."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மெஷின் மறுபடி தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், "ரோல் என்ன விலை இப்ப?" என்று கேட்டார். ஆயிரத்தைத் தாண்டும் என்றேன். "கொள்ளை" என்றார். "ஒண்ணு வாங்கிட்டு வா."

அந்த ரோல் ஆறு மாதம் எடுக்கவில்லை. பதினொரு நாளில் முடிந்தது. கழுவி வந்த நெகடிவில் வேண்டிய அழுத்தம் இருந்தது, அதை எடுத்து ஜன்னலில் பிடித்ததுமே தெரிந்துவிட்டது. உறையூர் கடைத்தெரு, பக்கத்து வீட்டு ஆடு, பால்காரர், மலைக்கோட்டை இரண்டு. மீதியில் ஒன்பது படம் அத்தை. கீரை ஆய்கிற அத்தை, பேப்பர் படித்தபடியே தூங்கிப்போன அத்தை, எதற்கோ யாரையோ திட்டுகிற அத்தை. எதுவும் சொல்லிவிட்டு எடுத்தது இல்லை. 1974-லிருந்து குடும்பத்தையே எடுத்தவரின் ஆல்பத்தில் அத்தை தனியாக இருக்கும் படம் இதற்கு முன் மூன்றுதான் என்று அத்தையே கணக்குச் சொன்னார்.

மாமாவின் டிராயரில் பழைய ஃபிலிம் டப்பாவுக்குள் செத்துப்போன பாதரச பேட்டரிகள் நாலு இருந்தன, நாற்பது வருஷமாகச் சேர்த்து வைத்தது. உங்கள் பரணிலும் இருக்கலாம். குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடி, மின்கழிவு எடுப்பவர்களிடம் இன்னது என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். குழிக்குள் பச்சை பூத்திருந்தால் வினிகர் தொட்ட காது குடையும் பஞ்சால் துடைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

நான் சென்னையில் காது மெஷின் கடையில் நீல ஸ்டிக்கர் இரண்டு அட்டை கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என் காதைப் பார்த்துவிட்டு, மெதுவாக, நன்றாக வாயைத் திறந்து, "ஒரு காதுக்கா சார், ரெண்டு காதுக்கா?" என்றார். ஒரு காதுக்கும் ஒரு கேமராவுக்கும் என்றேன். அவர் இன்னும் சத்தமாக அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்.

போன வாரம் அத்தையிடமிருந்து போன். மாமாவோடு பேசமுடியவில்லையாம். காது மெஷினுக்கு இருந்த கடைசி பேட்டரியையும் கேமராவில் போட்டுக்கொண்டு மலைக்கோட்டைப் பக்கம் போய்விட்டாராம். "கூப்பிட்டாத் திரும்பவே மாட்டேங்குறாரு, நீயாவது ஒரு அட்டை அனுப்பி வையேன்" என்றார். கூரியரில் அனுப்பியிருக்கிறேன்.